ஆட ஆள் இருந்தும் மூடப்படும் கோல்ஃப் திடல்கள்

சென்னையில் கோல்ஃப் என்றால் கிளப். அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறுப்பினர் யாராவது விருந்தாளியாகக் கூட்டிப்போக வேண்டும். அதனால் இது வசதி படைத்தவர்களின் ஆட்டம் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள கோல்ஃப் திடல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, வாசலில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஆடக்கூடியவை. பிளம்பரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் பழைய மட்டைகளோடு வந்து ஆடிவிட்டுப் போகிற திடல்கள் அவை.

அந்த நாட்டில் 2006 முதல் பல ஆண்டுகளாகப் புதிதாகத் திறந்த திடல்களைவிட மூடப்பட்டவை அதிகம். 2000-களின் நடுவில் சுமார் 16,000 கோல்ஃப் வளாகங்கள் இருந்தன. இப்போது 14,000 அளவில் நிற்கின்றன. மூடப்பட்டவற்றில் பெரும்பங்கு கட்டணம் குறைந்த பொதுத் திடல்கள். ஆட்டத்தில் மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு, 2021 முதல், ஆண்டுக்கு 50 கோடி ஆட்டங்களுக்கு மேல் அங்கே ஆடப்படுகின்றன. கூட்டம் திரும்பி வந்துவிட்டது. மலிவான திடல்கள் வரவில்லை. காரணத்தைத் திடலின் வரவு செலவிலும், பூமிக்கடியில் கிடக்கும் குழாய்களிலும், அந்த நிலத்துக்கு வேறொருவர் தரத் தயாராக இருக்கும் விலையிலும் தேட வேண்டும்.

எவை பொதுத் திடல்கள்

ஒரு முழுத் திடலில் 18 குழிகள் இருக்கும். ஒரு சுற்று ஆடி முடிக்க நாலு மணி நேரம், நாலரை மணி நேரம் ஆகும். 9 குழித் திடல்கள் பாதி அளவு. எல்லாக் குழிகளும் குட்டையாக, ஓர் அடியில் பந்தை, குழி இருக்கும் புல்தரையான கிரீனில் ஏற்றிவிடக் கூடியதாக இருந்தால் அது பார்-3 திடல் (பார் என்பது பந்தைக் குழியில் போட எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை); புதியவர்கள் பழக ஏற்ற இடம்.

உடைமை முறையில் பார்த்தால், உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்பும், விடுதியோடு சேர்ந்த உல்லாசத் திடலும் நம் பேச்சில் வராது. மிஞ்சுவன இரண்டு. ஒன்று, தனியார் நடத்தி அன்றாடக் கட்டணம் வாங்கும் திடல். பல ஊர்களில் ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக நடத்திவருவது. மற்றது நகராட்சியோ மாவட்டமோ மாநிலமோ நடத்துவது. நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் 1895-ல் திறந்த வான் கோர்ட்லண்ட் பூங்காத் திடல்தான் அந்த நாட்டின் முதல் பொதுத் திடல். 1930-களின் பெருமந்தக் காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு எடுத்த திட்டங்களில் நூற்றுக்கணக்கான திடல்கள் கட்டவும் புதுப்பிக்கவும் பட்டன. 1936-ல் திறந்த பெத்பேஜ் பிளாக் அப்படி வந்ததுதான். மாநிலப் பூங்காவாக இருந்துகொண்டே 2002, 2009 ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன் போட்டியையும் நடத்தியது. பூங்கா, நூலகம், நீச்சல்குளம் போல கோல்ஃபும் ஊர் மக்களுக்குத் தர வேண்டிய வசதி என்ற எண்ணம் அன்று இருந்தது.

திடலின் கல்லாப்பெட்டி

திடல் விற்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ஆட்டம் தொடங்கும் நேரம். இதை டீ டைம் என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நாலு பேர் என்றால் மணிக்கு 24 பேர். கோடையில் காலை ஆறு முதல் மாலை நாலு வரை அனுப்பினால் ஒரு நாளைக்கு 240 பேர். காகிதத்தில் இது பெரிய எண்ணாகத் தெரியும். மழை, பனி, குளிர்காலம், செவ்வாய்க்கிழமை மதிய வெயில் எல்லாம் கழித்துவிட்டால், சாதாரணமான ஒரு பொதுத் திடலுக்கு ஆண்டுக்கு 30,000 முதல் 40,000 ஆட்டம் தேறினாலே நல்ல கணக்கு. விற்காமல் போன 9.40 மணியை மறுநாள் விற்க முடியாது.

புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் திடலை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35,000 ஆட்டம். பலகையில் எழுதியிருக்கும் கட்டணம் 45 டாலர். முதியோர் சலுகை, மாணவர் சலுகை, மாலைநேரக் கட்டணம், பருவ அட்டை எல்லாம் போக, ஓர் ஆட்டத்துக்குக் கைக்கு வருவது சராசரியாக 32 டாலர். மொத்தம் 11,20,000 டாலர். கார்ட் எனும் சிறு வண்டியின் வாடகை, சாப்பாடு, பந்துப் பயிற்சி இவற்றில் இன்னும் 3,00,000. செலவில், புல் பராமரிப்புக்கு 9,00,000. கவுன்டர் ஊழியர், காப்பீடு, மின்சாரம், தண்ணீர், கட்டடம் எல்லாம் சேர்த்து 4,00,000. மிச்சம் 1,20,000 டாலர்.

இப்போது ஆட்டங்களில் பத்து சதவீதம் குறையட்டும். 3,500 ஆட்டம் போனால் கட்டணத்தில் மட்டும் 1,12,000 டாலர் போய்விடும். கார்ட் வாடகையிலும் சாப்பாட்டிலும் குறைவதைச் சேர்த்தால் திடல் நட்டத்தில் நிற்கும். ஆள் வராவிட்டாலும் புல் வளரும், நோய் வரும், தண்ணீர் வேண்டும். செலவைப் பத்து சதவீதம் குறைக்க ஒரே வழி புல் வெட்டுகிறவர்களில் ஒருவரையோ இருவரையோ நிறுத்துவது. அதைச் செய்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதி.

கட்டணத்தை ஏற்றிவிட்டால் என்ன? நாலு டாலர் ஏற்றினால் கணக்குப்படி ஓட்டை அடைபடும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை ஆடுகிறவர்கள்தான் விலையைப் பார்த்து முதலில் நழுவுகிறவர்கள். கிளப் உறுப்பினர் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டதால் வந்தே தீருவார். இவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

மூன்று மில்லிமீட்டர் புல்

18 குழித் திடலுக்கு 120 முதல் 200 ஏக்கர் வரை ஆகும். சராசரியாக 150 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பந்தை உருட்டிக் குழியில் போடும் கிரீன்கள் எல்லாம் சேர்ந்தாலும் மூன்று ஏக்கர்தான் வரும். மொத்தப் பரப்பில் இரண்டு சதவீதம். பணமும் கவலையும் போகிற இடம் அந்த இரண்டு சதவீதம்.

கிரீன் புல்லை மூன்று, நாலு மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறார்கள், வளரும் பருவத்தில் ஏறக்குறைய தினமும். ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள ஃபேர்வே புல் 10 முதல் 15 மில்லிமீட்டர். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஓரத்து ரஃப் ஐந்தாறு சென்டிமீட்டர். வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம். உருளையில் சுழலும் கத்திகளைக் கீழ்க்கத்தியோடு மயிரிழை இடைவெளியில் பொருத்தினால்தான் கிரீன் புல் சீராக அறுபடும். கத்தி மழுங்கினால் நுனி கிழிந்து, வெளுத்து, நோய்க்கு வாசல் திறந்துவிடும். ஃபேர்வே வெட்டும் இயந்திரம் ஒன்று புதிதாக 50,000 டாலருக்குக் குறையாது. ஆகவே மலிவுத் திடலில் மெக்கானிக் என்பவர் மேலாளரைவிட முக்கியமான ஆள்.

மூன்று மில்லிமீட்டரில் வாழும் புல்லுக்கு இலை குறைவு, அதனால் வேரும் ஆழம் போகாது. அதன்மேல் தினமும் நூற்றுக்கணக்கானோர் நடக்கிறார்கள், மண் இறுகுகிறது. செத்த தண்டும் வேரும் மண்ணுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு படலமாகச் சேர்கின்றன. இதற்கு மருந்து, ஆண்டுக்கு இரண்டு முறை கிரீனில் துளை போட்டு மண்ணை உருவி எடுப்பது. அரை அங்குல விட்டமுள்ள உள்ளீடற்ற ஊசியால், இரண்டு அங்குல இடைவெளியில், மூன்று அங்குலம் ஆழத்துக்குத் துளையிட்டால் மேற்பரப்பில் சுமார் ஐந்து சதவீதம் வெளியே வரும். பிறகு மணலைத் தூவி, துளைகள் நிறையும்வரை தேய்த்துவிடுவார்கள். அடுத்த இரண்டு வாரம் பந்து குதித்துக் குதித்து ஓடும். ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள், சிலர் வேறு திடலுக்குப் போவார்கள், கட்டணத்திலும் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் நட்டத்தில் ஓடும் திடல் முதல் தப்பைச் செய்கிறது. "இந்த வசந்தத்துக்கு வேண்டாம், இலையுதிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும். ஓர் ஆண்டு ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆண்டு படலம் தடித்து, மழைத் தண்ணீர் மேலேயே தேங்கும். வேர் ஓர் அங்குலத்தோடு நின்றுவிடும். மூன்றாம் கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து வரும் ஒரு வாரத்தில் கிரீன் பழுப்பாகிச் சாகும். மறுபடி வளர்த்தெடுக்க ஒரு பருவம் வேண்டும். கிரீன் செத்த செய்தி ஊரில் பரவ ஒரு வாரம் போதும். ஆட்டம் குறையும், வரவு குறையும், இன்னொரு ஊழியர் போவார்.

பூமிக்கு அடியில்

பலர் கவனிக்காத, ஆனால் பல மூடுவிழாக்களுக்குக் காரணமான பொருள் பாசனக் குழாய். நல்ல திடலில் பல நூறு தெளிப்பான்கள், பல மைல் நீளக் குழாய், மின்கம்பி, கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்ப் நிலையம் எல்லாம் மண்ணுக்குள் இருக்கும். பாசன அமைப்பின் ஆயுள் பத்து முதல் முப்பது ஆண்டு. கிரீனுக்குப் பதினைந்து முதல் முப்பது. பங்கர் என்னும் மணற்பள்ளங்களின் மணலுக்கு ஐந்து முதல் ஏழு. தார்போட்ட கார்ட் பாதைக்கு ஐந்து முதல் பத்து. திடல் வடிவமைப்பாளர்களின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்டிருக்கும் ஆயுள் அட்டவணை இப்படித்தான் சொல்கிறது. கட்டிய நாளிலிருந்தே இதற்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது பொருள். ஒதுக்குகிற மலிவுத் திடல் அபூர்வம்.

பழைய குழாயில் ஒரு மூட்டு விட்டால் அழுத்தம் குறையும். இரவில் எட்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பாசனம் முடியாது. கடைசித் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் எட்டாது. அந்த இடம் காயும். பகலில் ஊழியர்கள் ரப்பர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர்கள் செய்ய வேண்டிய வேறு வேலை நின்றுபோகும். இன்னொரு மூட்டு விடும். முழு அமைப்பையும் மாற்ற 20 லட்சம், 30 லட்சம் டாலர் சாதாரணமாகக் கேட்பார்கள். ஆண்டுக்கு 1,20,000 மிச்சம் பிடிக்கும் நம் கற்பனைத் திடல், ஒரு சென்ட் கூட வெளியே போகாமல் சேர்த்தாலும் 20 லட்சத்துக்குப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆக, தனியார் உரிமையாளர் குழாய் முழுதாகச் செயலிழக்கும் ஆண்டில்தான் நிலத்தரகரின் அழைப்பை எடுக்கிறார்.

அளவுக்கு மீறிக் கட்டிய காலம்

எல்லாப் பழியையும் பராமரிப்பின் மேல் போட முடியாது. 1980-களின் இறுதியில் அமெரிக்கத் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை, வரப்போகும் தேவைக்கு நாளொன்றுக்கு ஒரு திடல் வீதம் திறக்க வேண்டும் என்று சொன்னது. வங்கிகளும் கட்டுமான நிறுவனங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. 1986 முதல் 2005 வரை திடல்களின் எண்ணிக்கை 44 சதவீதம் கூடியது. 1997-ல் டைகர் உட்ஸ், கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது எதிர்பார்ப்பு இன்னும் ஏறியது. ஆட்டக்காரர்கள் 2003 வாக்கில் சுமார் 3 கோடியைத் தொட்டு, பிறகு 2.4 கோடிவரை இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் கட்டியவற்றில் பல, கோல்ஃபுக்காகக் கட்டியவையே அல்ல. வீட்டுமனை விற்பதற்காகக் கட்டியவை. ஃபேர்வேயைப் பார்த்த மனைக்குக் கூடுதல் விலை கிடைக்கும். மனை விற்று முடிந்ததும் கட்டுநருக்குத் திடலில் அக்கறை போய்விடும். கிடைத்த விலைக்குக் கைமாற்றிவிட்டுப் போவார். வீடுகளுக்கு நடுவே பாம்புபோல் வளைந்து போகும் இத்தகைய திடலில் நடந்து ஆட முடியாது, கார்ட் கட்டாயம், பராமரிப்பும் கூடுதல். 2008 பொருளாதாரச் சரிவில் இவை வரிசையாக விழுந்தன. விழுமுன் ஆள் பிடிக்கக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தன. இதனால் அடிபட்டது பக்கத்து ஊரின் பழைய குடும்பத் திடல். கடன் இல்லாமல், சிக்கனமாக, நாற்பது ஆண்டாக ஓடிய திடலுக்கும் அதே விலையில் போட்டியிட வேண்டி வந்தது. கெட்ட திடல்கள் சாகும்போது நல்ல திடல்களையும் இழுத்துக்கொண்டு போயின என்பதே எங்கள் கணிப்பு.

நிலத்தின் விலை

150 ஏக்கர் என்பது ஏறக்குறைய 60 ஹெக்டேர். பல திடல்கள் கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்தன. ஊர் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துவிட்டது. ஏக்கருக்கு நாலு வீடு கட்டினாலே 600 வீடு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் தரும் தொழிலைத் தொடர்வதா, பல மில்லியன் டாலருக்கு விற்பதா என்று எழுபது வயது உரிமையாளரைக் கேட்டால் பதில் தெரிந்ததுதான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

9 குழித் திடல்கள் இன்னும் எளிதில் வீழும். நிலம் சிறியது, அடுக்குமாடிக்குத் தோதானது. ஆனால் செலவு பாதியாவதில்லை: இயந்திரங்களும் மெக்கானிக்கும் பம்பும் கவுன்டரும் 18 குழிக்கு வேண்டியவைதான் இதற்கும். புதியவர்கள் பழகுவதற்கு மிக ஏற்ற திடலே முதலில் மறைவது இந்தக் கணக்கால்தான்.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள லயன்ஸ் நகராட்சித் திடல் 1924-ல் திறந்தது. நிலம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், நகராட்சி குத்தகைதாரர். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரும் ஆடலாம் என்று மிக முன்னதாக, 1950-களின் தொடக்கத்திலேயே, கதவு திறந்த நகராட்சித் திடல்களில் ஒன்று இது. அதற்காகவே 2016-ல் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் 2019-க்குப் பிறகு குத்தகையைப் புதுப்பிப்பதில்லை என்று பல்கலைக்கழகம் 2011-லேயே தீர்மானித்துவிட்டது. அந்த ஊர்க்காரரான மாஸ்டர்ஸ் சாம்பியன் பென் கிரென்ஷா உட்படப் பலர் காப்பாற்றப் போராடிவருகிறார்கள். வரலாற்றுப் பதிவேடு மரியாதை தரும், நிலத்தைத் தராது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. தீவில் இருந்த ஒரே 18 குழிப் பொதுத் திடலான மரினா பே, குத்தகை முடிந்து 2024 ஜூன் மாத இறுதியில் மூடப்பட்டது. அங்கே நிலம் அரசுடையது, தேவைகளும் பல. உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய் ஆட வேண்டும், அல்லது சின்னத் திடலோடு திருப்தி அடைய வேண்டும்.

நகராட்சியின் கணக்குப் புத்தகம்

நகராட்சித் திடலை விற்பது கடினம். ஆனால் பட்டினி போடுவது எளிது. பல நகரங்களில் கோல்ஃபுக்குத் தனிக் கணக்கு உண்டு: ஆட்டக் கட்டணத்திலிருந்தே செலவு நடக்க வேண்டும், வரிப்பணம் கிடையாது. நூலகத்திடமோ குழந்தைகள் பூங்காவிடமோ யாரும் லாபம் கேட்பதில்லை, கோல்ஃபிடம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆட வருகிறவர்கள் ஊரில் சிறுபான்மைதான். கோளாறு, லாபம் வந்த ஆண்டுகளில் அதைப் பொதுக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. அதோடு சட்டத்துறை, கணினித்துறை, மனிதவளத்துறை என்று நகராட்சியின் பொதுச் செலவில் ஒரு பங்கைத் திடல் தலையில் ஏற்றுவார்கள். குழாய் மாற்றும் ஆண்டு வரும்போது பெட்டி காலி. அப்போது "கோல்ஃப் நட்டத்தில் ஓடுகிறது" என்ற தலைப்போடு மன்றத்தில் அறிக்கை வரும்.

இங்கிலாந்தில் நகராட்சிகளின் நிதி வெட்டு இதை இன்னும் வேகப்படுத்தியது. லண்டன் லூவிஷம் நகராட்சி பெக்கன்ஹம் பிளேஸ் பூங்காவில் இருந்த திடலை 2016-ல் மூடியது. பிரைட்டனின் வாட்டர்ஹால் திடல் காட்டுவெளியாக விடப்பட்டது.

கூட்டம் வந்தபிறகு

2020-ல் திறந்தவெளி ஆட்டம் என்பதால் கோல்ஃபுக்குக் கூட்டம் கூடியது. மிஞ்சிய திடல்களுக்கு நல்ல காலம். பலர் பழைய கடனை அடைத்தார்கள், குழாய் மாற்றினார்கள். ஆனால் எப்போதாவது ஆடுகிறவருக்கு நிலைமை மோசமானது. விமானச் சீட்டுபோல நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் பரவியது. முன்பதிவு மென்பொருளைப் பணத்துக்குப் பதில், தினமும் ஓரிரு டீ டைம் கொடுத்து வாங்கும் வழக்கமும் பல திடல்களில் இருக்கிறது. அந்த நேரங்களை மென்பொருள் நிறுவனம் தன் விலைக்கு விற்கும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத் திடல்களில் இது உச்சத்துக்குப் போனது. தரகர்கள் இணையத்தில் நேரங்களைத் திறந்த நொடியிலேயே வளைத்துப்போட்டு, செயலிகள் வழியாகக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2024-ல் நகர நிர்வாகம், முன்பதிவின்போதே ஆளுக்கு 10 டாலர் திரும்பத் தராத முன்பணம் கட்ட வேண்டும் என்று சோதனை முறையில் விதித்தது. தரகருக்கு அது இடைஞ்சல்தான். நேர்மையாகப் பதிந்துவிட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வராமல் போனவருக்கும் அதே பத்து டாலர் போகும்.

இத்தனை தேவை இருந்தும் ஏன் புது மலிவுத் திடல் கட்டுவதில்லை? நிலம், குழாய், கிரீன் எல்லாம் இன்றைய விலைக்கு வாங்கி 35 டாலர் கட்டணத்தில் கடனை அடைக்க முடியாது. இப்போது கட்டப்படுகிறவை பெரும்பாலும் விலை உயர்ந்த தனியார் கிளப்புகளும் சுற்றுலாத் திடல்களும். பழைய மலிவுத் திடல் மலிவாக இருந்ததற்குக் காரணம், அதன் நிலத்துக்கான விலை இரண்டு தலைமுறைக்கு முன்பே கட்டித் தீர்ந்திருந்தது.

மூடியபின், மூடாமல்

மூடுவதெல்லாம் இழப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஹூஸ்டன் நகரில் 2005-ல் மூடிய கிளியர் லேக் திடலின் சுமார் 200 ஏக்கரை உள்ளூர் நீர் ஆணையம் எடுத்து, 'எக்ஸ்புளோரேஷன் கிரீன்' என்ற வெள்ளநீர்த் தேக்கப் பூங்காவாக மாற்றியது. 2017-ல் ஹார்வி புயலின்போது பெரும்பாலும் முடிந்திருந்த முதல் பகுதியே சுற்றியிருந்த வீடுகளுக்கு உதவியது. பெக்கன்ஹமில் இப்போது நீந்தும் ஏரி இருக்கிறது. கலிபோர்னியாவில் நகராட்சித் திடல்களைக் குறைந்த விலை வீடுகளாக மாற்ற மானியம் தரும் மசோதாக்கள் 2021, 2022-ல் வந்து நிறைவேறாமல் போயின. வீட்டுப் பஞ்சம் இருக்கும்வரை அந்தக் கேள்வி திரும்ப வரும்.

பிழைத்தவற்றைப் பார்த்தால், பெரும்பாலும் சிறுத்துப் பிழைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவின் விண்டர் பார்க் நகரில் 1914-ல் தொடங்கிய 9 குழித் திடலை, நகராட்சி சுமார் 12 லட்சம் டாலரில் 2016-ல் புதுப்பித்தது. தெருவும் தேவாலயமும் அருகிலேயே இருக்க, நடந்தே ஆடும் திடல். புதுப்பித்தபின் ஆட்டம் பெருகியது. அதே மாநிலத்தில் சரசோட்டா நகரின் பாபி ஜோன்ஸ் திடல் 45 குழியிலிருந்து 27-ஆகக் குறைந்து 2023 டிசம்பரில் மறுபடி திறந்தது. விட்ட நிலம் சதுப்புநிலமும் இயற்கைப் பூங்காவும் ஆனது. அந்த நிலத்தில் இனிக் கட்டடம் கட்ட முடியாதபடி பாதுகாப்புப் பத்திரமும் பதிந்திருக்கிறார்கள். புதுப் புல்லைவிட அந்தப் பத்திரம்தான் பெரிய காரியம்.

கலிபோர்னியா ஓஷன்சைடில் கோட் ஹில் பூங்காத் திடல் நகராட்சியுடையது. 18 குழி, ஆனால் பார் 65 மட்டும். கைவிடும் நிலைக்குப் போனதை, ஆடை வடிவமைப்பாளர் ஜான் ஆஷ்வொர்த் தலைமையில் ஒரு குழு 2014-ல் குத்தகைக்கு எடுத்து நடத்திக் காட்டியது. சான் டியேகோவில் வேறு உத்தி. கடலோரத்து டோரி பைன்ஸ் திடலில் வெளியூர்க்காரர்களிடம் உள்ளூர்க்காரர்களைப்போல் சில மடங்கு வாங்குகிறார்கள்; அந்த வரவு நகரின் கோல்ஃப் கணக்கைத் தாங்குகிறது. உலகப்புகழ் பெற்ற திடல் கையில் இருந்தால் மட்டுமே நடக்கிற வித்தை இது.

புதிதாக ஆடப் போகிறவருக்கு

அமெரிக்காவில் இருந்துகொண்டு குறைந்த செலவில் தொடங்க நினைத்தால், சனி ஞாயிறு காலையை மறந்துவிடுங்கள். வார நாளில் மாலைநேரக் கட்டணம் பாதிக்குப் பக்கமாக இருக்கும். கோடையில் மூன்று மணிக்குப் பிறகு தொடங்கினாலும் வெளிச்சம் போதும். 9 குழி ஆட இரண்டு மணி நேரம். கார்ட் எடுக்காமல் நடந்தால் 15 முதல் 25 டாலர் மிச்சம். விதிப்படி 14 மட்டைவரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஏழு போதும், பழையதாக வாங்குங்கள். உள்ளூர்வாசி அட்டைக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கேட்பார்கள். மூன்று நாலு ஆட்டத்தில் அது திரும்பிவிடும். பிள்ளைகள் 18 வயதுக்குள் என்றால், 2006-ல் வட கலிபோர்னியாவில் தொடங்கிய 'யூத் ஆன் கோர்ஸ்' திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். சேர்ந்துள்ள திடல்களில் ஓர் ஆட்டத்துக்கு 5 டாலருக்கு மேல் வாங்கமாட்டார்கள். ஆடப் போகும் முன் கிரீனில் துளை போட்ட தேதியைக் கேளுங்கள். போட்டு பத்து நாளுக்குள் என்றால் தள்ளுபடி கிடைக்கும். பழகுகிறவருக்கு அந்தக் குண்டுகுழி பெரிய தடையில்லை.

வழக்கமாக ஆடும் திடல் ஆபத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பங்கர்களைப் புல்லால் மூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பல சமயம் நல்ல சிக்கனம். பகலில் ஊழியர்கள் ரப்பர் குழாயால் ஃபேர்வேக்குத் தண்ணீர் விடுகிறார்களா, ஓராண்டுக்கு மேல் துளை போடவில்லையா, கண்காணிப்பாளர் வேலையை விட்டுப் போய் அந்த இடம் காலியாகவே இருக்கிறதா என்று பாருங்கள். நகராட்சித் திடலானால் மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் 'திடலின் எதிர்காலப் பயன்பாடு பற்றி ஆலோசகர் ஆய்வு' என்ற வரி வந்தாலே பாதித் தூரம் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தங்கள் பழைய நினைவுகளைச் சொல்லி மூன்று நிமிடத்தை வீணாக்குகிறார்கள். மன்ற உறுப்பினர்கள் கேட்பது கணக்கு. கடந்த பத்தாண்டில் திடல் கணக்கிலிருந்து பொதுக் கணக்குக்குப் போன தொகை எவ்வளவு, பாசன அமைப்பு எந்த ஆண்டில் போட்டது, அதற்கென்று ஒதுக்கியது எவ்வளவு, பள்ளி அணிகள் எத்தனை ஆடுகின்றன, பெருமழையில் அந்த நிலம் எவ்வளவு நீரைத் தாங்குகிறது, குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் தகவல் கேட்புச் சட்டப்படி இவை கிடைக்கும். விண்ணப்பத்தை ஆய்வு அறிக்கை வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வந்தபின் கொடுத்தால் பதில் கைக்கு வருமுன் வாக்கெடுப்பு முடிந்திருக்கும்.